பொன்னாத்தாவுக்கு இன்று லீவு

2 ஜூன் 2014, திங்கள்

முதலில் மானக்கேட்டை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு சுலபம்.

இன்று வாய்க்கால் டிவி ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனேன். வரவேற்பறையில் ஆளே இல்லை. எதிர்ச்சுவர் மூலையில் ஒரு கேமரா, சிவப்பு விளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. டிவிக்காரர்கள் ஆளைச் சோதிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்து, இடது பக்கமாக ஒரு புன்னகை, வலது பக்கமாக ஒரு புன்னகை வைத்தேன். அப்போதும் யாரும் வரவில்லை. சரி, குரலையும் பார்க்கட்டும் என்று செய்தி வாசித்தேன். கோபி சந்தையில் வாழைத்தார் விலை, கொடிவேரியில் நீர்வரத்து, கடைசியாக வானிலை. மொத்தம் பத்து நிமிடம்.

அது திருடனைப் பிடிக்க வைத்த கேமரா. உள்ளே எம்.டி. சென்னியப்பனும், கன்சோலில் உட்காரும் ஸ்டீபனும் டீ குடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

"அக்கா, வானிலை சூப்பருங்" என்றார் ஸ்டீபன்.

எம்.டி. என் விண்ணப்பத் தாளைப் புரட்டினார். ஐம்பத்தொரு வயது, ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். போன ஜனவரியில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது என்று டெலிபோன் போர்டைக் கழற்றினார்கள், கூடவே என்னையும்.

"கொரல் நல்லாருக்குதுங்க்கா" என்றார். "மொகம்..." கொஞ்ச நேரம் யோசித்தார். "கொரல் நல்லாருக்குதுங்."

பதவியின் பெயர் நேயர் தொடர்பு அலுவலர். ஒரு மாதம் பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் நிரந்தரம்.

வீட்டுக்கு வந்து "டிவியில வேலை கெடச்சிருக்குதுங்" என்றேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் "ம்" என்றார். பக்கத்து வீட்டுக் கலாமணி மட்டும் குதித்தாள். "அப்ப தெனமும் உங்களைப் பாக்கலாமுங்களா அக்கா?" என்று கேட்டாள். திரையில் வருவேன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

3 ஜூன், செவ்வாய்

நேயர் தொடர்பு என்றால் என்ன என்று இன்று தெரிந்தது.

தினமும் மாலை நான்கு மணிக்கு 'கொஞ்சம் சொல்லுங்க' என்று ஒரு நேரலை. குடும்பப் பிரச்சினையைப் போனில் சொன்னால், மனநல ஆலோசகர் டாக்டர் ரேணுகாதேவி வழி சொல்வார். இதில் ஒரே ஒரு குறை, யாரும் போன் செய்வதில்லை. அந்தம்மா அரைமணி நேரம் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு எழுந்து போவாராம்.

எம்.டி. என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். பழைய ஸ்பீக்கர்கள், பொங்கல் செட்டின் தெர்மாகோல் கரும்பு, நடுவில் ஒரு ஸ்டூல். கையில் ஒரு செல்போனைக் கொடுத்தார்.

"இதுல இருந்து நம்ம புரோகிராம் நம்பருக்கு அடிங்க. நாலு ஊரு, நாலு பேரு. ஸ்டீபன் எடுத்து ஸ்டுடியோவுக்குக் குடுத்துருவான்."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"ஐயோ, தெரிஞ்சா அந்தம்மா மனசு ஒடஞ்சிருமுங். மனசை ஒட்டவைக்கறவங்களுக்கே ஒடஞ்சா நாம எங்கீங் போறது?"

ஆக, போன் எடுத்துப் பழகிய கை இன்று போன் அடிக்கக் கற்றுக்கொண்டது. சத்தியமங்கலம் ஜெயக்கொடி பேசினாள், மாமியார் ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போடுகிறாளாம். அந்தியூர் சம்பூரணம் பேசினாள், கணவர் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் இவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம். நம்பியூர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் கொஞ்சம் ஜலதோஷத்தோடு பேசினார்.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீதியில் இருபத்தொரு வீடு. ஃபிரிட்ஜ் பூட்டு கலாமணி வீட்டில் இருக்கிறது. நாய் எதிர்வீட்டில்.

4 ஜூன், புதன்

இன்று நான் ஆறு பேர்.

6 ஜூன், வெள்ளி

வாயில் கைக்குட்டை வைத்தால் வயது கூடுகிறது. மூக்கைப் பிடித்தால் பெருந்துறைக்காரி. தெர்மாகோல் கரும்பை உரசினால் தாளிக்கும் சத்தம் வருகிறது, அடுப்படியிலிருந்து பேசுகிறவளுக்கு ஆகும். இதையெல்லாம் இருபத்திரண்டு வருடம் "லைனில் இருங்கள்" என்று சொல்லியே வீணாக்கியிருக்கிறேன்.

கடைசி நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. கைவசம் ஆள் இல்லை. ஸ்டீபன் சாமான் அறைக் கதவுக் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். சட்டென்று பவானி பொன்னாத்தா என்று ஒருத்தி வாயில் வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, என்ற ஊட்டுக்காரரு எங்கூடப் பேசறதே இல்லீங்."

"எத்தனை நாளாம்மா?"

"எட்டு மாசமாச்சுங். அவரு ரிட்டேர் ஆன நாள்ல இருந்து."

"அன்னிக்கு ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கலீங்."

இது முழுக்க முழுக்கக் கற்பனை. எங்கள் வீட்டில் நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். இன்று காலைகூட அவர் "உப்பு" என்றார்.

9 ஜூன், திங்கள்

டீ நேரத்தில் ரேணுகாதேவி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. போனில் பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். ஜெயக்கொடிக்கு ஒரு பக்கம், சம்பூரணத்துக்கு ஒரு பக்கம். பொன்னாத்தாவுக்கு மட்டும் மூன்று.

"அந்தம்மா எதையோ மறைக்கறாங்க தமயந்தி. ஒண்ணும் நடக்கலைன்னு அவ்வளவு வேகமா யாரும் சொல்ல மாட்டாங்க."

"சிக்னல் பிரச்சினையா இருக்குமுங்" என்றேன்.

மாலையில் பொன்னாத்தாவுக்கு அவர் சொன்ன யோசனை: நீங்களே முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தொழில் சுத்தத்துக்காக மட்டும் அதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன்.

"இன்னிக்கு ரசம் எப்படீங் இருக்குது?"

"ரசம்" என்றார்.

11 ஜூன், புதன்

பொன்னாத்தா பிரபலமாகிவிட்டாள். ரேஷன் கடை வரிசையில் அவள் பேச்சுத்தான். "எட்டு மாசம் பேசாம இருக்கறவன் மனுசனா?" என்றாள் ஒருத்தி. "அவ வாயி எப்படியோ, யாரு கண்டா?" என்றாள் இன்னொருத்தி. நானும் என் பங்குக்குப் பொன்னாத்தாவின் கணவரை நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். திரும்பிப் பார்த்தால், மண்ணெண்ணெய் வரிசையில் கேனோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

13 ஜூன், வெள்ளி

நான்கு மணிக்கு அவர் வீட்டில் டிவி போடுகிறாரா? அவரிடமே கேட்டால் தெரிந்துவிடும். அதுதான் கஷ்டம்.

16 ஜூன், திங்கள்

நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிற கிரைண்டர் கம்பெனி முதலாளி அர்த்தநாரி இன்று வந்தார். தன் கிரைண்டரைப் போலவே வட்டமாக, மெதுவாக, நிற்காமல் பேசுகிறவர்.

"சென்னியப்பா, ஒரு சந்தேகம். சத்தியமங்கலத்துக்காரியும், அந்தியூர்க்காரியும், நம்பியூர் வாத்தியாரும் பேச்சை முடிக்கறப்ப 'அதென்னமோ போங்க'ன்னே முடிக்கறாங்களே, ஏன்?"

"நம்ம வட்டாரப் பழக்கமுங்ணா."

"நானும் இந்த வட்டாரந்தான். நான் அப்படி முடிக்கறதில்ல."

முடிவு: இருபத்தேழாம் தேதி அவரே வந்து போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். நிஜமான ஆட்கள் கூப்பிட்டால் ஒரு வருடத்துக்கு விளம்பரம் உண்டு. இல்லையென்றால் விளம்பரமும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை.

அவர் போனதும் எம்.டி. என் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னைக்கு நெசமான மனுசன் ஒருத்தனாச்சும் கூப்பிடோணும். இல்லீன்னா, சங்கடப்படாதீங்க, திங்கக்கிழமை வர வேண்டாமுங்."

சங்கடப்படாமல் என்ன செய்வது? ஜனவரியிலிருந்து மே வரை வீட்டில் இருந்து பார்த்தாகிவிட்டது. மிக்ஸியோடு பேச ஆரம்பித்திருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. மிக்ஸி அவரைவிட நன்றாகப் பதில் சொல்கிறது என்று தோன்ற ஆரம்பித்தபோதுதான் வேலை தேடக் கிளம்பினேன்.

18 ஜூன், புதன்

ரேணுகாதேவி இன்று பொன்னாத்தாவை விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க பொன்னாத்தா. அவர் ரிட்டையர் ஆன அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க?"

செல்போனை அணைத்திருக்கலாம். சிக்னல் மேல் பழி போட்டிருக்கலாம். ஆனால் சாமான் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வேறொருத்தி குரலில் என்ன வேண்டுமானாலும் பேசிவிட முடிகிறது.

பொன்னாத்தா சொன்னாள்: "பிரிவு உபசார விழாவுங். அவரு பேசறதுக்கு ரெண்டு பக்கம் எழுதி வெச்சுக்கிட்டு, மூணு நாளாக் காலையில கண்ணாடி முன்னால நின்னு ஒத்திகை பாத்தாரு. கையைத் தூக்கறது, நிறுத்தறது, இருமறது எல்லாமுங். விழாவுல குடும்பத்துல இருந்து ரெண்டு வார்த்தைன்னு என்னை முன்னால கூப்பிட்டாங்க. நான் போயி அந்த ஒத்திகையை அப்படியே நடிச்சுக் காட்டீட்டனுங். கண்ணாடி, கை, இருமல் அத்தனையும். ஆபீசே உருண்டு உருண்டு சிரிச்சுதுங். அதுக்கடுத்து அவரு பேசோணும். எந்திரிச்சாரு. பாக்கெட்டுல இருந்து தாளை எடுத்தாரு. மறுக்காப் பாக்கெட்டுலயே வெச்சுட்டு, 'நன்றி'ன்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டாருங்."

ரேணுகாதேவி, "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்மா?" என்றார்.

"பகடிக்குப் பண்ணினதுக்கு என்னன்னுங் மன்னிப்புக் கேக்கறது?" என்றாள் பொன்னாத்தா. நான் 'அதென்னமோ போங்க'வைக் கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

வெளியே வந்தபோது ஸ்டீபன், "இத்தனை நீளமாக் கற்பனை எங்கீங்க்கா கெடைக்குது?" என்றார்.

போன செப்டம்பர் முப்பது, மின்வாரிய ஆபீஸ் மாடி, மாலை ஐந்து மணி. அங்கே கிடைத்தது. எழுதிவிட்டேன், போதும்.

20 ஜூன், வெள்ளி

இன்று காலை அவர் "காபி இருக்குது" என்றார். இரண்டு வார்த்தை. என்னிடம் சொன்னாரா, காபியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

26 ஜூன், வியாழன்

நாளைக்கு அர்த்தநாரி வருகிறார். இதுவரை வந்த நிஜமான போன்: பூஜ்யம். இந்த ஊரில் யாருக்கும் பிரச்சினையே இல்லை என்று நம்ப எனக்கு வழியில்லை. எங்கள் வீதி எனக்குத் தெரியும்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். கலாமணி பக்கத்து மாடியிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, உங்க டிவியில போனை எடுத்துக் கீழ வெச்சிருவீங்களா?"

"ஏன்?"

"மூணு வாரமா அடிக்கறனுங். எப்ப அடிச்சாலும் என்கேஜ். யாரோ சத்தியமங்கலத்துக்காரி ஃபிரிட்ஜுப் பூட்டைப் பத்திப் பேசறாங்க. டாக்டரம்மா அதுக்கு, மாமியார்கிட்ட அன்பா சாவி கேளுங்கங்கறாங்க. அன்பாக் கேட்டா என்ற மாமியார் ரெண்டாவது பூட்டுப் போடுமுங். அதைச் சொல்லலாம்னு பாத்தா லைனே கெடைக்கல. எதிரூட்டு அக்காவும் அடிச்சுதாம். என்ற நாத்தனாளும் அடிச்சாளாம்."

துணியெல்லாம் கையிலிருந்து விழுந்துவிட்டது.

நிகழ்ச்சிக்கு இருப்பது ஒரே ஒரு லைன். நான்கு மணியிலிருந்து நான்கரை வரை அந்த லைனில் இருப்பது நான். ஊரே வரிசையில் நிற்க, வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி 'யாரும் வரவில்லையே' என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். புதிதாக வந்தவள் செய்தால் விட்டுவிடலாம். எட்டு லைன் போர்டை இருபத்திரண்டு வருடம் மேய்த்தவள் நான்!

எம்.டி.க்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"சரீங்க்கா. நாளைக்கு நீங்க அடிக்க வேண்டாம். முன்னால உக்காந்து வர்ற போனை எடுங்க. வருதான்னு பாப்போம். வரலீன்னா..."

"தெரியுமுங்."

கலாமணியிடம் நாளைக்கு இன்னொரு தடவை அடித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் கட்டாயம் அடிப்பாள். நல்ல வார்த்தைக்கு அசையமாட்டாள், மாமியார் விஷயத்துக்கு மலையேறுவாள்.

27 ஜூன், வெள்ளி

நான்கு மணிக்கு விளக்குகள் எரிந்தன. ரேணுகாதேவி வணக்கம் சொன்னார். நான் போன் மேசையில், எனக்குப் பக்கத்தில் அர்த்தநாரி, அவருக்குப் பக்கத்தில் முறுக்குத் தட்டு.

நான்கு ஐந்து. போன் சும்மா இருந்தது. அர்த்தநாரி ஒரு முறுக்கு எடுத்தார்.

நான்கு ஒன்பது. கலாமணி எங்கே போய்த் தொலைந்தாள்? ரேணுகாதேவி பொறுமையின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வழக்கம்போல ஜெனரேட்டர் உறுமியது. உள்ளே முறுக்கு நொறுங்கியது. எம்.டி. கதவோரம் நின்று என்னைப் பார்க்காமல் இருந்தார்.

"ஊருக்குள்ள எல்லாரும் நிம்மதியா இருக்காங்க போல" என்றார் அர்த்தநாரி.

நான்கு பன்னிரண்டுக்கு மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"வணக்கம், கொஞ்சம் சொல்லுங்க நிகழ்ச்சி. யாருங் பேசறது?"

அந்தப் பக்கம் ஓர் இருமல். அந்த இருமலை ஓர் ஆபீசுக்கே நான் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

"ஏனுங் மேடம்," என்றது குரல். "பொன்னாத்தாவுக்கு இன்னைக்கு லீவுங்களா?"

பக்கத்தில் அர்த்தநாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் பேச்சு மட்டும்தான் கேட்கும்.

"ஆமாங் சார்."

"பரவால்லீங். எனக்குக் கொஞ்சம் பேசோணும். லைன் கெடைக்குமுங்களா?"

"கெடைக்குமுங் சார். லைன்ல இருங்க." இருபத்திரண்டு வருடம் சொன்ன வார்த்தை. பொத்தானை அமுக்கி ஸ்டுடியோவுக்குக் கொடுத்தேன்.

"பேரு வேண்டாமுங் டாக்டரம்மா" என்று ஆரம்பித்தார். "நான் ரிட்டேர் ஆன அன்னைக்கு ஒண்ணு எழுதி வெச்சிருந்தேன். பேச முடியாமப் போச்சு. இங்க படிக்கலாமுங்களா?"

ரேணுகாதேவி என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. நோட்டைத் திறந்து பொன்னாத்தாவின் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "படிங்க சார்" என்றார்.

படித்தார். மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்களே என்று ஆரம்பித்து, வருடவாரியாக. எழுபத்தொன்பதில் கூகலூர் செக்‌ஷனில் ஹெல்ப்பர். எந்த வருடம் எந்தக் காட்டில் எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டார்கள், அது எத்தனை கேவி. உலகத்திலேயே இவ்வளவு சுவாரசியமில்லாத பேச்சை யாரும் எழுதியிருக்க முடியாது. நிறுத்தவேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினார். கை எங்கே உயர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விளம்பர இடைவேளை வந்தது. ஸ்டீபன் போடப் போனபோது அர்த்தநாரியே "அட, இருப்பா" என்று தடுத்துவிட்டார்.

பிறகு இது வந்தது. இதை நான் கண்ணாடி முன்னால் கேட்டிருக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"தொண்ணூத்தி மூணுல புயலடிச்சு கவுந்தப்பாடி லைன் பூராச் சாஞ்சிருச்சு. மூணு நாளு ஊட்டுக்குப் போவல. நம்ம ஆபீசுக்கு மணிக்கொருக்காப் போன் வந்துச்சு, நான் உசுரோட இருக்கறனான்னு கேட்டு. ஒருக்காக் கெழவி கொரலு, ஒருக்காப் பெரிய ஆபீசர் கொரலு, ஒருக்காச் சின்னப் புள்ள கொரலு. இவனுக்கு இத்தனை சொந்தமான்னு ஆபீசுல எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. எனக்குத் தெரியும், அது ஒருத்திதான். மில்லு போர்டுல இருந்து கூப்பிட்ட என்ற சம்சாரம். அவங்களுக்கு இந்தச் சபையில நன்றி சொல்லிக்கறேன். வணக்கம்."

"சார்," என்றார் ரேணுகாதேவி, "உங்க மனைவி இதைக் கேட்டிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?"

"லைன்லதானுங் இருக்காங்க" என்றார் அவர். பிறகு வைத்துவிட்டார்.

அர்த்தநாரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமான ஆளுதான். இத்தனை டிரான்ஸ்ஃபார்மரைப் பொய்யா எவனும் சொல்ல மாட்டான்" என்றார்.

28 ஜூன், சனி

பேசுகிறார். காலையிலிருந்து பேசுகிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதுகூடக் குள்ளம்பாளையம் டிரான்ஸ்ஃபார்மரை முடித்துவிட்டுத்தான் இடம் கொடுத்தார். கேட்டுவிட்டேன். என் சொந்தக் குரலில்தான். "சரி, விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனார். மத்தியானத்துக்குள் எனக்குத் தலைவலி. மிக்ஸியைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்தேன்.

30 ஜூன், திங்கள்

நான் நிரந்தரம்! கிரைண்டர் விளம்பரமும் ஒரு வருடத்துக்கு உறுதி. எம்.டி. லட்டுக் கொடுத்தார். சாமான் அறை ஸ்டூலை ஸ்டீபன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று நான்கு மணிக்கு நிஜமான போன்களே பதினொன்று வந்தன. நான் எடுத்துக் கொடுத்தபடி இருந்தேன். நாலு ஊர்க்காரர்களும் கூப்பிடுகிறார்கள் என்றால், வெள்ளிக்கிழமை அவர் பேசியதைக் கேட்டு உருகித்தான். கோபி வட்டாரமே அன்று டிவி முன்னால் அழுதிருக்கும். சந்தேகமே இல்லை. என் கணவர் ஊரறிய, உலகறிய என்னைச் சபையில் வைத்துப் பெருமைப்படுத்தியிருக்கிறார். இனி ரேஷன் கடையில் யார் என்ன பேசினாலும் தலை நிமிர்ந்து நிற்பேன்.

வீட்டுக்கு வரும்போது கலாமணி வாசலில் நின்றாள். கொஞ்சம் கர்வமாகத்தான் கேட்டேன்: "வெள்ளிக்கெழமை புரோகிராம் பாத்தியா?"

"எங்கீங்க்கா பாக்கறது? அன்னைக்குக் காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் டவுன் பூரா, சுத்துவட்டாரம் பூராக் கரண்டே இல்லீங்களே, மாசாமாசம் பண்ற பராமரிப்புன்னு. டிவியே ஓடலீன்னதும் புரோகிராம் இருக்காதுன்னு நானும் போன் அடிக்கலீங். ஏன், உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க ஊட்டுக்காரர்தானுங் மொத நாளே வீதியில ஒவ்வொரு ஊடா வந்து, தண்ணி புடிச்சு வெச்சுக்கங்க, நாளைக்கு யாரு ஊட்டுலயும் டிவி ஓடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."